சமையல்காரர் சிரித்தார்

அநியாயம் நடந்தது கஸ்பார் மச்சாதுவுக்கு. எப்படி என்றால், அவரோடு சேர்ந்து மூழ்கிய பூனையின் பெயர் அச்சில் வந்தது, அவர் பெயர் வரவில்லை. இதைவிடச் சுருக்கமாக ஒரு அநியாயத்தைச் சொல்ல முடியாது என்று தில்லைக்கரசிக்குத் தோன்றியது. தோன்றிய கையோடு, சுருக்கமாகச் சொன்னால் அந்த மனுஷனுக்கு உறைக்காது, விலாவாரியாகவே சொல்லித் தொலைக்க வேண்டும் என்றும் தோன்றியது. வரலாற்றுத் துறைத் தலைவர் அறைக்கு வெளியே கிடந்த மர பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, எதிர்ச்சுவரில் தொங்கிய இந்திய வரைபடத்திடம் அவள் ஏழாவது தடவையாக வாதாடிக்கொண்டிருந்தாள். கேளுங்க சார். ‘லார்க்டேல்’ என்று ஒரு சரக்குக் கப்பல். இரண்டாம் உலக யுத்தம், நாற்பத்து மூன்றாம் வருஷம், அரபிக்கடல். நீர்மூழ்கி அடித்தது, கப்பல் போனது. யுத்தம் முடிந்ததும் முதலாளிகள் வழவழப்பான காகிதத்தில் நினைவு மலர் போட்டார்கள். கேப்டனுக்கு ஒரு முழுப் பக்கம். இறந்த அதிகாரிகள் மூன்று பேருக்கு ஆளுக்கு அரைப் பக்கம், படத்தோடு. அப்புறம் பெர்சி என்கிற சாம்பல் நிறப் பூனைக்கு நாலு வரி, ‘கடைசி மூச்சுவரை கடமை தவறாதது’ என்று. அதற்கும் கீழே, பக்கம் முடிகிற இடத்தில், பொடி எழுத்தில், ‘மற்றும் நாட்டு மாலுமிகள் பதினெட்டுப் பேர்’. பூனைக்கு என்ன சார் கடமை? எலி பிடித்திருக்கும். எலி எதற்கு வந்தது? அரிசி மூட்டைக்கு வந்தது. அரிசி யாருடைய பொறுப்பு? பண்டாரியுடையது, அதாவது கப்பல் சமையல்காரருடையது, அதாவது தூத்துக்குடி கஸ்பார் மச்சாதுவுடையது. ஆக, அவர் அரிசியைக் காப்பாற்றிய பூனைக்கு நாலு வரி கொடுத்தவர்கள் அவருக்கு ஒரு எழுத்துக்கூடக் கொடுக்கவில்லை. இந்த இடத்தில் ஒரு நொடி நிறுத்த வேண்டும். நிறுத்தி, எதிரே உட்கார்ந்திருக்கும் சாரின் மீசையைப் பார்க்க வேண்டும். கண்ணைப் பார்த்தால் கோபம் வந்து அடுத்த வரி மறந்துபோகும், மீசை தேவலை. வரைபடத்தில் லட்சத்தீவு இருக்க வேண்டிய இடத்தில் யாரோ மூட்டைப்பூச்சியை நசுக்கிய கறை இருந்தது. இரண்டரைக்கு வரச் சொன்னார்கள். மணி இரண்டு ஐம்பது. உள்ளே இன்னும் பிரியாணி ஓடிக்கொண்டிருந்தது. வாசனை கதவிடுக்கில் வந்தது, ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்.

அந்த மனுஷன் என்பது பேராசிரியர் வேதமூர்த்தி. அவளுடைய ஆய்வை மேற்பார்வையிடும் கமிட்டியில் மூத்தவர், போர் வரலாற்றுக்காரர், தளபதிகளைப் பற்றிப் பேசும்போது தானும் அவர்களோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர் மாதிரி பேசுகிறவர். ஆறு மாதத்துக்கு முந்தி, இதே கதவுக்கு உள்ளே, அவள் மூன்றாம் இயலை வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: “எல்லாம் சரிம்மா. ஒரு சமையல்காரனுக்கு யுத்தத்துல என்ன பங்கு? சாம்பாரைக் கொதிக்கக் கொதிக்க எதிரி தலைல ஊத்தினானா?” எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய நெறியாளர் கிருபாகரன்கூட, சிரிக்கக் கூடாதென்று கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, கைக்குட்டைக்குள்ளேயே சிரித்தார். அவள் பதில் சொல்லவில்லை. யார், தில்லைக்கரசியா பதில் சொல்லவில்லை என்று அவள் ஊரான விருத்தாசலத்தில் கேட்டால் நம்பமாட்டார்கள். கடைவாய்ப்பல் பிடுங்கும்போது வாயைத் திறந்து வைத்த நிலையிலேயே பல் டாக்டரோடு வாதாடி, அவர் கருவியைக் கீழே வைத்துவிட்டு, ‘நீங்க முதல்ல பேசி முடிச்சிடுங்க’ என்று நாற்காலியில் உட்கார்ந்த கதை அங்கே எல்லோருக்கும் தெரியும். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு, “சார்...” என்றாள். அவ்வளவுதான். அந்த ‘சார்’ மேசைமேல் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் போய் விழுந்து கிடந்தது. சரியான பதில் நாற்பது நிமிஷம் கழித்து, பஸ் நிறுத்தத்தில், சாம்பார் என்ற சொல் திரும்ப நினைவுக்கு வந்தபோது, முழு வாக்கியமாக, மேற்கோள் குறியோடு வந்து நின்றது. அப்போது கேட்க அங்கே ஒரு இளநீர்க்காரர்தான் இருந்தார். அவரிடம் சொல்லவும் சொன்னாள். ‘நியாயந்தான்மா’ என்றார் அவர். அவர் கமிட்டியில் இல்லை. கமிட்டி என்ன செய்தது என்றால், இந்தக் கேள்விக்குத் திருப்தியான பதில் அடுத்த கூட்டத்தில் வர வேண்டும், வராவிட்டால் மூன்றாம் இயல் மொத்தமும் எடுக்கப்பட்டு, ஆய்வுத் தலைப்பு ‘போர்க்காலத்தில் துறைமுக நிர்வாகம்’ என்று மாற்றப்பட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. துறைமுக நிர்வாகம்! இரண்டு வருஷ உழைப்பு, ஆவணக் காப்பகத்தில் தும்மித் தும்மி மூக்கே தடித்துப்போன இரண்டு வருஷம், எதற்கு, கிடங்குகளின் நீள அகலத்தை எழுதவா? இன்று காலைகூட கிருபாகரன் மாடிப்படியில் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, “சண்டை போடாதம்மா. சமையல்காரரை அடிக்குறிப்புல போட்டுடலாம். மரியாதையான அடிக்குறிப்பு, பெருசாவே போடலாம்” என்றார். பெரிய அடிக்குறிப்பு. நல்லவர்தான். ஆனால் நல்லவர்கள் எல்லோரும் ஏன் மாடிப்படியிலேயே பேசுகிறார்கள், அறைக்குள் வந்தால் ஏன் ஊமையாகிவிடுகிறார்கள்?

ஆகவே இந்தத் தடவை பதில் கையில் இருந்தது. கையில் என்றால் நான்கு பதில்கள். எது என்பதில்தான் சிக்கல். முதல் பதில் எதிர்க்கேள்வி: “சார், நீங்க மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க? சாப்பிடாம இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியுமா?” நல்ல பதில், ஆனால் அவருக்குச் சர்க்கரை வியாதி, சாப்பாட்டைப் பற்றிப் பேசினால் முகம் சுருங்கிவிடும், அப்புறம் அது அடாவடியாக நிற்கும். இரண்டாவது, கொதிக்கிற பதில்: “கப்பலை ஓட்டினது கரி மட்டும் இல்ல சார், கரி அள்ளின கையும்தான், அந்தக் கைக்குச் சோறு போட்டது யார்?” இதில் ‘யார்’ என்கிற இடத்தில் அவள் குரல் கீச்சென்று போகிறது, விடுதி அறையில் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள், மூன்று தடவையும் போயிற்று, பக்கத்து அறைப் பெண் வந்து பல்லி விழுந்ததா என்று கேட்டாள். மூன்றாவது ஒரு பிரெஞ்சுக்காரரின் கோட்பாடு. அதைச் சொல்ல ஆரம்பித்தால் அவளுக்கே நடுவில் வழி தெரியாது. நான்காவதுதான் அவளுடைய சொந்தம், பிரம்மாஸ்திரம், மூன்றாம் இயலின் நடு மையம். உள்ளே குபீரென்று சிரிப்புச் சத்தம் கேட்டது. தன்னைப் பற்றித்தான். சாம்பார் என்றிருப்பார் மறுபடியும். கதவு திறந்து அட்டெண்டர் மாசிலாமணி எலும்புத் தட்டுகளோடு வெளியே வந்தார். “எதுக்கு அண்ணே சிரிக்கிறாங்க?” என்று அவள் கேட்டாள். “வேதமூர்த்தி சாருக்கு முட்டி ஆபரேஷன் பண்ணாங்கல்ல, அதுல எந்தக் காலுன்னு டாக்டருக்குக் குழப்பம் வந்துச்சாம், அதைச் சொல்லிட்டு இருக்காரு. நீ ஏன் பாப்பா வெளுத்துப்போய் இருக்கே? சாப்பிடலையா?” “சாப்பிட்டேன்.” “பொய். பன் வாங்கியாரவா?” “வேண்டாம் அண்ணே. எப்ப கூப்பிடுவாங்க?” “பீடா வரணும்” என்றார் மாசிலாமணி, மழை வரணும் என்கிற மாதிரி வானத்தைப் பார்த்துவிட்டு. பீடாவுக்காக ஒரு இயல் காத்திருக்கிறது. சரி, இருக்கட்டும். முட்டியைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்பதில் ஒரு ஆறுதல். அந்த ஆறுதலிலேயே, தன்னைப் பற்றிச் சிரிக்கக்கூட அவர்களுக்கு நினைவில்லை என்பதில் ஒரு ஆத்திரம். இரண்டும் ஒரே பெஞ்சில் அவளை நடுவில் நெருக்கி உட்கார்ந்தன.

நான்காவது பதில் மூன்று வரியிலிருந்து முளைத்தது. கப்பலின் கடைசிப் பயணத்துக்கு முந்திய பயணத்தின் நாட்குறிப்பு துறைமுகத்தில் ஒப்படைக்கப்பட்டுவிட்டதால் கடலுக்குத் தப்பியது. அதைக் காப்பகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, மூட இன்னும் கால் மணி இருக்கும்போது, அவள் கண்டுபிடித்தாள். தலைமை அதிகாரியின் சாய்ந்த கையெழுத்து. ‘இஞ்சின் அறை ஆட்கள் திரண்டு வந்து புகார். சோறு கருகல்.’ இரண்டு வாரம் கழித்து, ‘மறுபடி சோறு.’ அப்புறம் ஒரு பத்து நாளில், ‘சோறு. சமையல்காரரைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். சமையல்காரர் சிரித்தார்.’ தில்லைக்கரசி தாளிலிருந்து தலையை எடுத்தபோது மேலே மின்விசிறி சுற்றவில்லை, ஆனால் சுற்றுகிற மாதிரி இருந்தது. சிரித்தார்! ஆட்கள் பட்டியலைப் புரட்டி, நாட்டு மாலுமிகள் நாற்பத்தொரு பேரில் பண்டாரி என்பதற்கு எதிரே கஸ்பார் மச்சாது, தூத்துக்குடி என்று பார்த்தாள். தூத்துக்குடிக்குப் போய் அவர் மகன் லெயோன் மச்சாதுவைப் பிடித்தாள். எண்பது வயது, வெள்ளை பனியன், இரண்டு நாளும் சீலா மீன் குழம்பு ஊற்றி, அப்பாவைப் போல் சமைக்க இந்தக் கரையில் ஆள் கிடையாது என்று எழுபது தடவை சொன்னார். அங்கேதான் அவளுக்குப் பொறி தட்டியது. கரையிலேயே இணையில்லாத சமையல்காரர் சோற்றைக் கருக விடுவாரா? ஒரு தடவை கைதவறலாம். மூன்று தடவை? கண்டித்தால் சிரிப்பாரா? வேண்டுமென்றே செய்திருக்கிறார்! யாருடைய யுத்தமோ, யாருடைய கப்பலோ, தன் கையில் இருந்த ஒரே ஆயுதமான அடுப்பைக் கொண்டு ஒரு பேரரசுக்கு எதிராக, அடிப்பிடித்த பானை அடிப்பிடித்த பானையாக, மௌனமாக, சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புக்கு மட்டும் பதினான்கு பக்கம் எழுதினாள். ‘கருகல் என்னும் எதிர்ப்பு’ என்று தலைப்பு. எழுதி முடித்த அன்று சந்தோஷத்தில் விடுதி மொட்டைமாடியில் தனியாக நடந்தாள். வேதமூர்த்தி சார், சமையல்காரனுக்கு என்ன பங்கு என்றா கேட்டீர்கள்? தளபதிகள் எதிரியோடு போர் செய்தார்கள். இவர் தளபதிகளோடு போர் செய்தார். இதுதான் நான்காவது பதில். இதைச் சொல்லிவிட்டுத் தாளை மேசையில் சத்தம் வராமல் வைக்க வேண்டும். ஒரே ஒரு முள் மட்டும் எங்கோ குத்தியது, துப்பட்டா இப்போது இந்தப் பெஞ்சு ஆணியில் மாட்டிக்கொண்டிருக்கிற மாதிரி: கருகின சோற்றைத் தின்றது வெள்ளைக்காரர்கள் இல்லை, அவர்களுக்குத் தனிச் சமையல், தின்றது இஞ்சின் அறை ஆட்கள், வெந்து வேகிற நம் ஆட்கள். எதிர்ப்பு அவர்கள் வயிற்றிலா நடந்தது? இந்தக் கேள்வியை அவள் எழுதும்போதே பார்த்தாள். பார்த்து, பாராத மாதிரி பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

மூன்று இருபதுக்குக் கைபேசி அதிர்ந்தது. தூத்துக்குடி. நல்ல சகுனம் என்று எடுத்தாள். “ஏ பிள்ள, லெயோன் பேசுதேன். சாப்பிட்டியா?” “சாப்பிட்டேன் அங்கிள். இப்பத்தான் உள்ளே கூப்பிடப் போறாங்க, அப்புறம்...” “நீ எழுதி அனுப்புன கட்டு வந்துட்டு. மருமவ நேத்து உக்காந்து சத்தமா வாசிச்சா, வீடே கேட்டுச்சு. என்ன பிள்ள இப்படி எழுதிப்புட்ட?” பின்னால் யாரோ பெண்கள் அடக்கமாட்டாமல் சிரிப்பது கேட்டது. “எங்க அப்பா சோத்தைக் கருக்குனாவன்னு எழுதியிருக்க. ஒரு இடத்துலயா? மருமவ எண்ணிட்டா. இருபத்தேழு இடம்.” “அது குறையாச் சொல்லலை அங்கிள். அது எதிர்ப்பு.” “சோத்தை எதுக்குப் பிள்ள எதிர்க்கணும்? சோறு என்ன செஞ்சுச்சு?” அவள் கைபேசியை மறு காதுக்கு மாற்றினாள், அவர் தொடர்ந்தார். “பிஷப் வந்தப்போ ஆயிரம் பேருக்கு ஒத்த ஆளா நின்னு சமைச்ச மனுசர். ஒரு பருக்கை அடிப்பிடிக்காது. இதை நான் யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாவ, எங்க அம்மாவும் வாங்குனாவ. எம்பது வருசமா எங்க வீட்டுல யாரும் வாயைத் திறக்கல. ஆனா சோத்து விசயத்துல என்னால சும்மா இருக்க முடியாது, கேட்டுக்க. அந்தக் கப்பல்ல எங்க அப்பா போகவே இல்ல.” வரைபடம் சுவரில் நேராகத்தான் தொங்கியது. “என்ன அங்கிள்?” “போகல. கோயில்ல அப்பாவுக்குக் கல்யாண ஓலை வாசிச்சிட்டிருந்தாவ. மூணு ஞாயிறு பேரை வாசிக்கணும், ரெண்டு ஆச்சு, ஒண்ணு பாக்கி. அதுக்குள்ள சாரங்கு ஆள் அனுப்பிட்டான், கப்பல் ஆளுகளுக்கெல்லாம் அவன்தான மேஸ்திரி. வரலைன்னா அடுத்த கப்பலுக்கு நம்ம தெருவுல ஒருத்தனையும் எடுக்க மாட்டான். அப்போ அப்பாவோட சேக்காளி தொபியாஸ் கோமஸ், மூணு மாசந்தானேடா, நீ கல்யாணத்தை முடின்னு சொல்லிட்டு அப்பா பேரு போட்ட கப்பல் வேலைப் புஸ்தகத்தை வாங்கிட்டுப் போயிட்டான். அப்போ அதுதான் வழக்கம் பிள்ள, ஒருத்தன் புஸ்தகத்துல இன்னொருத்தன் போறது. சாரங்குக்குத் தலை எண்ணிக்கை சரியா இருக்கணும், அவ்ளோதான். வெள்ளக்காரனுக்கு நாம எல்லாரும் ஒரே மூஞ்சி. போனவன யுத்தத்துல விடல, மூணு மாசம் பதினோரு மாசம் ஆச்சு.” “அவரும் சமையல்காரரா அங்கிள்?” என்று கேட்டபோது அவள் குரல் கெஞ்சியது அவளுக்கே கேட்டது. “தொபியாஸா? தையக்காரன்! சாமியாருக்கு அங்கி தைக்கிறவன். அடுப்பே பத்த வைக்கத் தெரியாது. அக்காதான் சோறு போடும். நம்ம ஊர்க்காரனுக பொறுத்துக்கிட்டு வாய மூடித் தின்னிருப்பானுக. இஞ்சின் அறைக்காரனுக வேற ஊரு, அவனுகளுக்கு என்ன தெரியும், கத்தியிருக்கானுக.” “ஆனா சிரிச்சாரே அங்கிள், கண்டிச்சப்போ சிரிச்சாரே...” “அவனுக்கு இங்கிலீஷ்ல ஒரு எழுத்துத் தெரியாது. யாரு ஏசுனாலும் சிரிப்பான். ஊர்லயும் அப்படித்தான். அதுக்குப் போயி நீ பதினாலு பக்கமா எழுதுவ?”

அவள் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். லெயோன் மச்சாது நிறுத்துகிறவராக இல்லை. எண்பது வருஷம் அடைத்து வைத்தது திறந்துகொண்டுவிட்டது. “தந்தி வந்தப்போ அப்பா ஒரு கல்யாண வீட்டுல ஆட்டுக்கறி கிண்டிக்கிட்டு இருந்தாவ. தந்திக்காரன் கஸ்பார் மச்சாது வீடு எதுன்னு கேட்டிருக்கான். நாந்தான், என்ன சேதின்னு கரண்டியோட வந்து நின்னாவ அப்பா. அவன் தந்தியப் பாத்தான், அப்பாவப் பாத்தான். ‘நீங்க செத்துட்டீய’ன்னான்.” பின்னால் மறுபடி பெண்களின் சிரிப்பு, தில்லைக்கரசிக்கும் வாயோரம் துடித்தது, துடித்ததற்காக வெட்கமாகவும் இருந்தது. லெயோனின் குரல் மட்டும் இறங்கியது. “அப்பாவுக்கு உடனே விளங்கிட்டு. அடுப்ப அப்படியே போட்டுட்டு, தன்னோட சாவுத் தந்திய எடுத்துக்கிட்டுப் போயி தொபியாஸோட அக்கா கையில குடுத்தாவ. பூசை வச்சாவ. தொபியாஸ் பேரை வாசிக்க முடியல. வாசிச்சா துறைமுக ஆபீசுக்குத் தெரிஞ்சிரும், சாரங்குக்கும் ஜெயிலு, அப்பாவுக்கும் ஜெயிலு. ‘ஒரு ஆத்துமத்துக்காக’ன்னு மட்டும் சொல்லிச் சாமியார் முடிச்சிட்டாவ. பிழைச்சு வந்த ஒருத்தன் சொன்னானாம், குண்டு அடிக்கும்போது தொபியாஸ் பானைய வச்சுச் சுரண்டிக்கிட்டு இருந்தானாம். அன்னைக்கும் அடிப்பிடிச்சிருக்கு.” “இதை ஏன் எனக்கு அப்பவே சொல்லலை? ரெண்டு நாள் உங்க வீட்டுல உக்காந்திருந்தேனே!” என்று அவள் வெடித்தாள், தாழ்வாரத்தில் போன ஒரு புறா திரும்பிப் பார்த்தது. “நீ கேக்கலியே பிள்ள. சமையக்காரர் பேரு என்னன்னு கேட்ட, சொன்னேன். கப்பல்ல போனது யாருன்னு நீ கேக்கவே இல்ல. எங்க அப்பா பேர எடுத்துரு, கேட்டியா? எடுத்துட்டு அவன் பேரப் போடு. அப்புறம் ஒண்ணு, கல்யாணத்துக்காக நின்னுட்டாவன்னு எழுதாத. காய்ச்சல்னு எழுது.” வைத்துவிட்டார்.

மணி மூன்று முப்பத்தைந்து. மாசிலாமணி பீடாப் பொட்டலத்தோடு உள்ளே போனார். பத்து நிமிஷம், அதிகம் போனால் பதினைந்து. தில்லைக்கரசி மடியிலிருந்த மூன்றாம் இயலைப் பார்த்தாள். அறுபத்திரண்டு பக்கம், சுருள் கம்பி போட்டது. எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது. தப்பு வெளியே தெரியவே இல்லை. தெரியவே இல்லை என்றால், யாருக்குத் தெரியும்? இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒருவருக்கும் தெரியாது. தூத்துக்குடியில் தெரியும், ஆனால் அவர்கள் எண்பது வருஷம் வாய் திறக்காத குடும்பம், இன்னொரு எண்பது வருஷம் திறக்காமல் இருக்கச் சொன்னால் இருக்கமாட்டார்களா? நான்காவது பதிலை இன்றைக்குச் சொல்லிவிடுவது. சொல்லி, ஜெயித்து, ஆய்வுப் பதிவை உறுதி செய்துகொண்டு, அப்புறம் சாவகாசமாகத் திருத்திக்கொள்வது. அல்லது கஸ்பார் என்று வருகிற இடமெல்லாம் தொபியாஸ் என்று மாற்றிவிடுவது. கணினியில் ஒரு நிமிஷ வேலை. ‘தொபியாஸ் என்னும் தேர்ந்த சமையல்காரர் வேண்டுமென்றே...’ அவர் தேர்ந்த சமையல்காரரா? வேண்டுமென்றே செய்தாரா? தெரியாத ஆள் கருக விட்டால் அதற்குப் பெயர் எதிர்ப்பு இல்லை, கருகின சோறு. பதினான்கு பக்கமும் ஒரே நொடியில் அடிப்பிடித்துவிட்டது. உண்மையைச் சொன்னாலோ? வேதமூர்த்தியின் மீசை எப்படி விரியும் என்று அவளுக்கு அட்சரம் பிசகாமல் தெரிந்தது. ‘சமையல்காரனுக்கு என்ன பங்குன்னு கேட்டேன். சமையல்காரனே இல்லேங்கிறியே. பேஷ்.’ அவர் ஓய்வு பெறும்வரை, ஓய்வு பெற்ற பிறகும், கருத்தரங்குக்குக் கருத்தரங்கு இதைச் சொல்வார், முட்டிக் கதைக்கு அடுத்ததாக. தோற்பது அவளுக்குத் தெரியாத கலை, பழக்கமே இல்லை. யார்மேலாவது கோபப்பட வேண்டும் போலிருந்தது. லெயோன்மேல் பட்டாள், மீன் குழம்பை ஊற்றி ஊற்றி மறைத்தாரே. கஸ்பார்மேல் பட்டாள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக ஆள் மாற்றி அனுப்பினாரே. சாரங்குமேல் பட்டாள். தொபியாஸ்மேலேயே பட்டாள்: திட்டினால் அழ வேண்டியதுதானே ஐயா, முறைக்க வேண்டியதுதானே, ஏன் சிரித்தீர்? ஆனால் சிரிக்காமல் என்ன செய்வார் என்றும் தோன்றியது. புரியாத பாஷையில் ஒருவன் கத்துகிறான், கையில் கரண்டி, மேலே இன்னொருத்தன் பெயர், அடுப்பில் நாற்பத்தொரு பேர் சோறு, வெளியே சுற்றிலும் நீர்மூழ்கி. ஊசியில் நூல் கோக்கத் தெரிந்த விரல்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தப் பானையைப் பார்த்து எவ்வளவு பயந்திருப்பார்? குண்டுக்குப் பயந்தாரோ இல்லையோ, பானைக்குப் பயந்திருப்பார். ஆனாலும் மறுநாளும் ஏற்றினார், அதற்கு மறுநாளும். கோபப்பட்டியல் முடிந்துவிட்டதா என்று பார்த்தாள். முடியவில்லை, கடைசியில் ஒரு பெயர் மீதி இருந்தது. முதலாளிகளின் நினைவு மலரில் வந்த பதினெட்டுப் பேரில் தொபியாஸ் ஒரு தலை; பெயர் இல்லாவிட்டாலும் எண்ணினார்கள். அவளுடைய அறுபத்திரண்டு பக்கத்தில் அவர் ஒரு தலைகூட இல்லை. அநியாயத்தைத் தட்டிக்கேட்கக் கிளம்பிய தில்லைக்கரசி, சுருள் கம்பி போட்டு, அதைவிடப் பெரிய அநியாயமாக ஒன்றைச் செய்து வைத்திருக்கிறாள். பன்னுக்குச் சரி என்று சொல்லியிருக்கலாம்.

“வா பாப்பா, கூப்பிடறாங்க” என்றார் மாசிலாமணி. “தைரியமா போ. எல்லாரும் வயிறு நிறைஞ்சு நல்ல மூடுல இருக்காங்க.” அவள் எழுந்தாள், துப்பட்டாவை ஆணியிலிருந்து பிய்த்தாள். உள்ளே நாலு பேர், மேசைமேல் வெற்றிலை மணம், ஏ.சி. குளிர். கிருபாகரன் அவளைப் பார்த்து, யாருக்கும் தெரியாமல் ஆட்காட்டி விரலைத் தரையை நோக்கி இரண்டு தடவை காட்டினார்: அடிக்குறிப்பு, அடிக்குறிப்பு. அவள் உட்கார்ந்தாள். நான்கு பதில்களும் வரிசையாக வந்து நாக்கு நுனியில் நின்றன. நான்காவது எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தது, அழகாக, தயாராக, பிரம்மாஸ்திரமாக. வேதமூர்த்தி பீடாவை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினார். காலை நீட்டி, ஆபரேஷன் செய்த முட்டியைத் தடவிக்கொண்டார். “என்னம்மா, போன தடவை கேட்டதுதான். இந்தத் தடவையாவது சொல்லுவியா? ஒரு சமையல்காரனுக்கு யுத்தத்துல என்ன பங்கு?” கூட்டக் குறிப்பு எழுதுகிறவர் பேனா மூடியைத் திறந்தார். தில்லைக்கரசி அவர் மீசையைப் பார்க்கவில்லை, கண்ணைத்தான் பார்த்தாள். குரல் கீச்சென்று போகவில்லை.

“தெரியாது சார். அந்தக் கப்பல்ல சமையல்காரரே கிடையாது. நான் எழுதினது மொத்தமும் தப்பு. பதினோரு மாசம் நாற்பத்தொரு பேருக்குச் சோறு பொங்கிப் போட்டது, சமைக்கவே தெரியாத ஒரு தையல்காரர். அவரைப் பத்தி எனக்குத் தெரிஞ்சு அரை மணி நேரம்கூட ஆகலை. அதனால பங்கு என்னன்னு இன்னைக்குச் சொல்ல முடியாது, மூன்றாம் இயலை முதல் வரிலேருந்து மறுபடி எழுதிக் கொண்டுவந்துதான் சொல்லுவேன். இன்னைக்குப் பேரை மட்டும் எழுதிக்குங்க சார், யாருமே இன்னும் எழுதலை: தொபியாஸ் கோமஸ்.”